மூணாவது தடவை மாட்டினவனுக்கு இங்க தென்னாப்பிரிக்கா கோர்ட்ல தண்டனை எப்படி போடுறாங்க?

ஒரு தம்பி கேட்டிருக்கார். அவரோட சித்தப்பா டர்பன் சாட்ஸ்வொர்த்துல டீ ரூம், அதாவது சின்னத் தெருக்கடை, வச்சிருக்கார். ராத்திரி கடை சாத்துற நேரம் ரெண்டு பேர் துப்பாக்கியோட வந்து கல்லாவை வழிச்சு எடுத்துட்டு, போற போக்குல துப்பாக்கிக் கட்டையால சித்தப்பா மண்டையில அடிச்சுட்டுப் போயிருக்காங்க, ஒன்பது தையல். ஒருத்தன்தான் மாட்டினான். ரீஜினல் கோர்ட்ல, அதாவது பெரிய கேஸ்களைப் பார்க்கற மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல, அவன் குற்றவாளின்னு தீர்ப்பு வந்தாச்சு, அடுத்த மாசம் தண்டனை சொல்லப் போறாங்க. இதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை இதே மாதிரி கொள்ளைக்கு உள்ள போய் வந்தவன்னு ஏரியா முழுக்க பேச்சு. அப்ப 25 வருஷம் கட்டாயம்தானே, மாஜிஸ்ட்ரேட் குறைக்க முடியுமா, சீக்கிரம் வெளிய வந்துடுவானான்னு தம்பி கேக்கறார்.

நான் வக்கீல் இல்ல தம்பி. டர்பன் பக்கத்து கோர்ட்டுகள்ல 14 வருஷமா தமிழ் இன்டர்ப்ரெட்டரா போயிட்டு வர்றேன், சாட்சிக்கும் மாஜிஸ்ட்ரேட்டுக்கும் நடுவுல நிக்கறவங்க நாங்க, ஒவ்வொரு வார்த்தையும் எங்க வாய் வழியாத்தான் போகும், அதனால தண்டனை நாள்ல என்ன நடக்கும்னு காது நிறைய கேட்டிருக்கேன். தெரிஞ்சதைச் சொல்றேன், உங்க கேஸ் பேப்பரை வச்சு ப்ராசிக்யூட்டர்கிட்டயும் ஒரு தடவை கேட்டுக்கோங்க.

முதல்ல அந்த 25 எங்கிருந்து வந்துச்சுன்னு பார்ப்போம். 1995 ஜூன் 6-ஆம் தேதி கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட் மக்வன்யானே கேஸ்ல தூக்கு தண்டனை செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அப்ப கொள்ளை, கொலைன்னு ஊரே பயந்து கிடந்த காலம், தூக்கும் போச்சு இனி எதுக்குப் பயப்படுவாங்கன்னு ஜனங்க கொதிச்சுப் போயிருந்தாங்க. அதுக்குப் பதில் மாதிரி 1997-ல பார்லிமென்ட் கிரிமினல் லா அமெண்ட்மெண்ட் ஆக்ட், நம்பர் 105, கொண்டுவந்து, இன்ன குற்றத்துக்கு குறைஞ்சது இத்தனை வருஷம்னு எழுதி வச்சது. 1998 மே 1-ல இருந்து அமலுக்கு வந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு மட்டும்னு சொன்ன தற்காலிக சட்டம், நீட்டி நீட்டி, கடைசியில 2007 டிசம்பர் 31-ல நிரந்தரம் ஆயிடுச்சு.

அந்தச் சட்டத்தோட 51-ஆவது செக்ஷன்தான் உங்க கேஸ். துப்பாக்கி காட்டி மிரட்டி, இல்ல பலமா அடிச்சுக் கொள்ளையடிச்சா அது சாதா திருட்டு இல்ல, கடுமையான கொள்ளை. அதுக்கு முதல் தடவைன்னா 15 வருஷம், ரெண்டாவது தடவைன்னா 20, மூணாவதோ அதுக்கு மேலயோன்னா 25. ரேப் கேஸ்ல ஆயுள் தண்டனைக்குள்ள வராததுக்கு 10, 15, 20. முன்கூட்டியே திட்டம் போட்ட கொலை, கொள்ளையடிக்கும்போது ஆள் செத்தா அந்தக் கொலை, இதுக்கெல்லாம் ஆயுள், அதுல முதல் தடவையா மூணாவதான்னு கணக்கே கிடையாது. ரீஜினல் கோர்ட்டுக்கு சாதாரணமா 15 வருஷம்தான் அதிகபட்சம், ஆனா இந்தச் சட்டத்துக்குக் கீழ வந்தா அந்தக் குறைந்தபட்சத்தைப் போடலாம், வேணும்னா அதுக்கு மேல இன்னும் அஞ்சு வருஷமும் போடலாம். அதாவது உங்க கேஸ்ல 30 வரைக்கும் போக வழி இருக்கு. இந்தக் குறைந்தபட்ச தண்டனையை சஸ்பெண்ட் பண்ணி வெளிய விடவும் முடியாது.

இதைக் கேட்டதும் அப்பாடான்னு இருக்கும். ஆனா தம்பி, "மூணாவது தடவை"ன்னு ஏரியா சொல்றது வேற, கோர்ட் சொல்றது வேற. என்கிட்ட கேக்கற பாதிப் பேர் தடுமாறறது இங்கதான், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

கேஸ் நடக்கும்போது அவனோட பழைய கதை எதுவும் மாஜிஸ்ட்ரேட் முன்னாடி வரக்கூடாது. சார்ஜ் ஷீட்ல பழைய தண்டனையைப் பத்தி எழுதக்கூடாது, சாட்சியும் அதைச் சொல்லக்கூடாது. ஒரு கேஸ்ல கடைக்கார அண்ணன் ஒருத்தர் கூண்டுல நின்னு கோபத்துல "இவன் பழைய கொள்ளைக்காரன் மேடம், ஊருக்கே தெரியும்"னு தமிழ்ல கத்திட்டார், நான் அதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்லியாகணும், சொன்னேன், எதிர் வக்கீல் சட்டுனு எழுந்துட்டார், மாஜிஸ்ட்ரேட் அந்தப் பேச்சை நிறுத்தச் சொன்னாங்க. அண்ணனுக்கு மனசு விட்டுப் போச்சு, உண்மையைச் சொன்னா ஏன் தடுக்கறாங்கன்னு வெளிய வந்து என்கிட்ட சண்டை போட்டார். காரணம் இதுதான்: நேத்து திருடினவன்தான் இன்னைக்கும் திருடியிருப்பான்னு மனசு தானா சாயும், அப்படி சாயாம இந்தக் கேஸை இந்தக் கேஸோட சாட்சியை வச்சே பார்க்கணும். எனக்கு இது சரின்னுதான் படுது, ஏன்னா தப்பான ஆளைப் பிடிச்சுட்டு வந்து நிறுத்தின கேஸையும் நான் பார்த்திருக்கேன். பெயில் மட்டும் வேற, அங்க பழைய தண்டனையை அவனே மறைக்காம சொல்லியாகணும், ஏற்கனவே பெரிய குற்றத்துக்கு தண்டனை வாங்கினவன்னா பெயில் கிடைக்கிறதும் ரொம்பக் கஷ்டம்.

குற்றவாளின்னு தீர்ப்பு வந்த அப்புறம்தான் பழைய கதைக்கு கதவு திறக்கும். அப்ப ப்ராசிக்யூட்டர் ஃபைல்ல இருந்து ஒரு ஃபாரம் எடுப்பார், எஸ்ஏபி 69-னு பேரு. கைரேகையை வச்சு போலீஸ் ரெக்கார்டுல இருந்து எடுக்கற தாள் அது. எந்தக் கோர்ட், எந்தத் தேதி, என்ன குற்றம், என்ன தண்டனைன்னு வரிசையா இருக்கும். அதை முதல்ல எதிர் வக்கீல்கிட்ட கொடுப்பாங்க, அவர் கூண்டுகிட்ட போய் குனிஞ்சு ஒவ்வொரு வரியா விரல் வச்சுக் காட்டுவார், அவன் தலையாட்டுவான், இல்ல "இது நான் இல்ல"ம்பான். ஒத்துக்கிட்டா அதோட முடிஞ்சுது. இல்லைன்னா கைரேகை ரெக்கார்டை வச்சு ஸ்டேட், அதாவது அரசுத் தரப்பு, நிரூபிக்கணும். அந்த ஹால்ல அத்தனை மாசமா அழுகையும் கத்தலுமா இருந்த கேஸ் அந்த ஒரு நிமிஷம் ஒரு தாளுக்குள்ள வந்து நிக்கும்.

அந்தத் தாள்ல இருக்கறதுதான் கணக்கு. வாபஸ் வாங்கின கேஸ் அதுல வராது, விடுதலை ஆன கேஸ் வராது, இன்னும் நடந்துக்கிட்டு இருக்கற கேஸும் பழைய தண்டனைன்னு எண்ண முடியாது. இன்னொன்னு, முந்தின தண்டனைன்னா இந்தக் குற்றம் நடக்கறதுக்கு முன்னாடியே தீர்ப்பு வந்திருக்கணும். ஒருத்தன் ஒரே வாரத்துல மூணு கடையில கொள்ளையடிச்சு, மூணுக்கும் சேர்த்து ஒரே நாள்ல தீர்ப்புன்னு வச்சுக்கோங்க, அவன் மூணாவது தடவைக்காரன் இல்ல, மூணு கேஸ்லயும் முதல் தடவைக்காரன்தான். ஒரு தடவை தண்டனைங்கற எச்சரிக்கை கிடைச்சும் திருந்தாம மறுபடி செஞ்சானா, அதைத்தான் சட்டம் கேக்குது. மூணு கேஸுக்கும் தனித்தனியா தண்டனை உண்டு, கோர்ட் சேர்த்து அனுபவிக்கச் சொல்லலைன்னா ஒண்ணு முடிஞ்சு அடுத்ததுன்னு ஓடும், அது வேற விஷயம்.

அதனால நீங்க கண்டுபிடிக்க வேண்டியது, உங்க ஆளோட ரெண்டு பழைய கேஸும் உண்மையிலேயே துப்பாக்கிக் கொள்ளைதானா, இல்ல ஒண்ணு கடைத் திருட்டா, ரெண்டுலயும் தண்டனை ஆச்சா, எந்தத் தேதியில ஆச்சு. திருட்டுன்னா அது அவன் குணத்தைக் காட்டும், மாஜிஸ்ட்ரேட் கணக்குல எடுப்பாங்க, ஆனா 25-ங்கற படிக்கட்டுல ஏத்தாது. குறைந்தபட்ச தண்டனை உனக்குக் காத்திருக்குன்னு அவனுக்கு ஆரம்பத்துலயே தெரியப்படுத்தியிருக்கணும்ங்கறதும் முக்கியம். அதைச் சொல்லாம விட்டா நியாயமான விசாரணை நடக்கலைன்னு அப்பீல்ல தண்டனை அடிபட வாய்ப்பு இருக்கு. சார்ஜ் ஷீட்ல 51-ஆவது செக்ஷன் எழுதியிருக்கான்னு ப்ராசிக்யூட்டரை கேட்டுப் பாருங்க.

சரி, எல்லாம் சரியா இருக்கு, 25 கட்டாயமா? இல்ல. அதே செக்ஷன்லயே ஒரு வாசல் இருக்கு. வலுவான, தட்ட முடியாத காரணங்கள் இருந்தா கோர்ட் அதை ரெக்கார்டுல எழுதி வச்சுட்டு குறைக்கலாம். அதைத் தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு ஆரம்பத்துல எனக்குப் பெரிய தடுமாற்றம், "கணிசமான சூழ்நிலைகள்"னு சொல்லிப் பார்த்தேன், எதிர்ல நின்ன பாட்டிக்கு ஒண்ணும் புரியல, இப்ப "தட்ட முடியாத காரணம்"னுதான் சொல்றேன். எது அப்படிப்பட்ட காரணம்னு சட்டத்துல பட்டியல் இல்ல. 2001-ல மல்காஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் ஆஃப் அப்பீல் இதுக்கு வழி சொல்லுச்சு: பார்லிமென்ட் சொன்ன வருஷம்தான் ஆரம்பப் புள்ளி, அற்பக் காரணத்துக்கெல்லாம் அதுல இருந்து விலகக்கூடாது, ஆனா எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா இந்த ஆளுக்கு இந்தத் தண்டனை அநியாயம்னு பட்டா விலகணும். அந்தக் கேஸ்ல ஆயுளை 25 வருஷமா குறைச்சாங்க. அதே வருஷம் டோடோ கேஸ்ல கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட்டும் இந்தச் சட்டம் செல்லும்னு சொன்னதுக்கு இந்த வாசல் திறந்திருக்கறதும் ஒரு காரணம். ஏற்கனவே 1969-ல ஜின் கேஸ்ல இருந்து குற்றம், குற்றவாளி, சமுதாயம்னு மூணையும் பார்த்துத்தான் தண்டனைங்கறது இங்க பழக்கம்.

எதிர் வக்கீல் என்னென்ன சொல்வார்னு நான் இப்பவே சொல்லிடறேன், அன்னைக்கு அதிர்ச்சி ஆகக்கூடாது. சின்ன வயசு, ரெண்டு பிள்ளைங்க, வேலை இல்ல, சுகர்ஸ்ங்கற ஹெராயின் கலந்த போதைப்பொடிப் பழக்கம், இவ்வளவு நாளா ரிமாண்டுல கிடந்தான், வருத்தப்படறான். ரிமாண்டுல இருந்த காலத்தை கோர்ட் மத்ததோட சேர்த்துப் பார்க்கும், இத்தனை மாசத்தை அப்படியே கழிக்கணும்னு கணக்கு கிடையாது. சுகர்ஸ் பத்தி நமக்குச் சொல்ல வேண்டியதில்ல, சாட்ஸ்வொர்த்துல எத்தனை வீட்டுப் பிள்ளைங்களை அது தின்னுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், அதைக் கேக்கும்போது எனக்கே மனசு பிசையும். ஆனா ரெண்டு தடவை உள்ள போய் வந்தும் துப்பாக்கியை எடுத்தவனுக்கு பழக்கத்தை மட்டும் காட்டித் தப்பிக்கறது லேசு இல்ல.

வருத்தத்தைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். 2010-ல சுப்ரீம் கோர்ட் ஆஃப் அப்பீல்ல மட்யிட்யி கேஸ்னு ஒரு தீர்ப்பு, எழுதினது நீதிபதி விஸ்வநாதன் பொன்னன், பேரைப் பார்த்தாலே நம்ம சனம்னு தெரியும். கொலை, ரேப், கொள்ளை எல்லாம் ஒத்துக்கிட்ட ஒருத்தனுக்கு கீழ்க் கோர்ட் 25 வருஷம் போட்டிருந்தது, இவங்க அதை ஆயுளாக்கினாங்க. 27 வயசுக்காரனை சின்னப் பையன்னு சொல்லி இரக்கம் கேக்கறதை அவர் ஏத்துக்கல. மாட்டிக்கிட்டோமேன்னு வர்ற வருத்தம் வேற, செஞ்சது பாவம்னு உள்ள அறுக்கறது வேற, ரெண்டுக்கும் நடுவுல பெரிய பள்ளம் இருக்குன்னு சொன்னார். எந்தப் பக்கம் நிக்கறான்னு அவன் நடந்துக்கிட்ட விதத்துல இருந்துதான் பார்க்கணும், உள்ள அறுக்கறவன் அதைத் தானே முன்வந்து கோர்ட்டுக்குக் காட்டணும், வக்கீல் எழுந்து "என் கட்சிக்காரர் வருந்துகிறார்"னு சொன்னா போதாது. இந்தத் தீர்ப்புக்கு அப்புறம் தண்டனை நாள்ல இந்தப் பேச்சு வராம இருந்ததே இல்ல.

அதே தீர்ப்புல இன்னொரு விஷயமும் இருக்கு, அதைத்தான் உங்ககிட்ட முக்கியமா சொல்ல வந்தேன். அந்தக் கேஸ்ல பாதிக்கப்பட்டவங்களைப் பத்தி கோர்ட் முன்னாடி ஒண்ணுமே வைக்கலைன்னு அவர் குறைப்பட்டிருந்தார். பாதிக்கப்பட்டவங்க குரல் வந்தாத்தான் கோர்ட்டுக்கு முழுசாத் தெரியும்னார். குற்றவாளிக்காக ஒருத்தர் ஒரு மணி நேரம் பேசுவார், பிள்ளைங்க எத்தனை, ஸ்கூல் எங்க, அம்மாவுக்கு என்ன வியாதின்னு எல்லாம் வரும், அடி வாங்கினவர் அந்த நாள்ல கடையைத் திறந்து வச்சுக்கிட்டு அங்கேயே உக்காந்திருப்பார், "அதான் சாட்சி சொல்லிட்டேனே இன்னும் என்ன"ன்னு. நம்ம ஆளுங்க முக்கால்வாசிப் பேர் இப்படித்தான், தீர்ப்பு வந்ததும் கேஸ் முடிஞ்சுதுன்னு நினைச்சுடறாங்க.

ஒரு கேஸ்ல ஒரு அக்கா மட்டும் வந்தாங்க, அவங்க வீட்டுக்காரர் வரல, வரமுடியாதுன்னுட்டார். பெருசா எதுவும் பேசல. கடை எட்டு மணி வரைக்கும் இருந்தது, இப்ப அஞ்சு மணிக்கே சாத்திடறார், ரொட்டி வியாபாரமே சாயங்காலம்தான், அது போச்சு. ஸ்டூலைக் கல்லாகிட்ட இருந்து தள்ளி ஃப்ரீஸர் பக்கம் போட்டுக்கிட்டு கதவையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கார், கஸ்டமர் பேசினா காதுல விழறதில்ல. ராத்திரி பூட்டை மூணு தடவை போய்ப் பார்க்கறார். மருந்துச் சீட்டு, ஸ்கேன் பில்லு, ஒரு ப்ளாஸ்டிக் பையில மடிச்சுக் கொண்டு வந்திருந்தாங்க. பத்து நிமிஷம் கூட ஆகல. தண்டனை சொல்லும்போது மாஜிஸ்ட்ரேட் அந்த அஞ்சு மணியைச் சொன்னாங்க, அந்த ஸ்டூலைச் சொன்னாங்க. அக்கா அப்பத்தான் அழுதாங்க.

உங்க சித்தப்பாவும் அதைச் செய்யணும். அவன் கெட்டவன், தூக்குல போடுங்கன்னு சொல்லத் தேவையில்ல, அது உதவாது. உடம்புல என்ன மாறிச்சு, வியாபாரத்துல என்ன மாறிச்சு, வீட்ல என்ன மாறிச்சுன்னு சொன்னா போதும். எழுதியும் கொடுக்கலாம், கூண்டேறியும் சொல்லலாம். கூண்டேறினா எதிர் வக்கீல் கேள்வி கேப்பார், அதுக்குத் தயாரா இருக்கணும்.

இன்னொரு பக்கமும் சொல்லணும், இது தம்பி கேட்டது இல்ல, ஆனா சொல்லாம விட எனக்கு மனசு வரல. ஒரு பொண்ணு, புருஷன் அடிக்கறான்னு மூணு தடவை போலீஸ்ல கேஸ் கொடுத்தா. மூணு தடவையும் குடும்பத்துப் பெரியவங்க உக்காந்து பேசி, பிள்ளைங்க முகத்தைப் பாரு, அவன் வேலை போயிடும்னு சொல்லி வாபஸ் வாங்க வச்சாங்க. நாலாவது தடவை கத்தியால குத்திட்டான், பிழைச்சதே பெருசு. அவ அம்மாவுக்கு நான்தான் இன்டர்ப்ரெட்டர். தண்டனை நாள்ல ப்ராசிக்யூட்டர் எழுந்து, பழைய தண்டனை எதுவும் இல்லைன்னார். அம்மா என் கையைப் பிடிச்சு, "மூணு தடவை கொடுத்தோமே, சொல்லும்மா அவங்ககிட்ட"ன்னாங்க. நான் மொழிபெயர்க்கத்தான் முடியும், என் சொந்தப் பேச்சு பேச முடியாது. வருஷக்கணக்கா அடிச்சவன் கோர்ட் கணக்குல முதல் தடவைக்காரனா நின்னான். அடிச்ச வரலாறை அவ சாட்சியா சொல்லலாம், சொன்னா, கோர்ட்டும் கேட்டுச்சு, ஆனா தண்டனைங்கற ரெக்கார்டு இல்ல. வாபஸ் வாங்கச் சொல்றவங்க இதை நினைச்சுப் பார்க்கணும், அன்னைக்கு நீங்க சமாதானம்னு நினைச்சு அழிக்கறது அவனோட ரெக்கார்டை.

திரும்பத் திரும்பச் செய்யறவனை நிறுத்த வேற ரெண்டு வழியும் கிரிமினல் ப்ரொசீஜர் ஆக்ட்ல இருக்கு, அடிக்கடி பார்க்கறது இல்ல. 286-ஆவது செக்ஷன்ல பழக்கக் குற்றவாளின்னு அறிவிக்கலாம், சின்னச் சின்னதா செஞ்சுக்கிட்டே இருக்கறவங்களுக்குத்தான் அது பெரும்பாலும், குறைஞ்சது ஏழு வருஷம் ஆகாம பரோல் பார்க்க மாட்டாங்க, 15 வருஷத்துக்கு மேல வச்சிருக்கவும் முடியாது, அந்த உச்சவரம்பை நீமண்ட் கேஸ்ல கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட்தான் வச்சுது. 15-க்கு மேல தண்டனை வரவேண்டிய ஆளுக்கு அதைப் பயன்படுத்த முடியாது, அதனால உங்க கேஸுக்கு ஒத்து வராது. இன்னொன்னு 286ஏ, ஆபத்தான குற்றவாளின்னு அறிவிக்கறது. மனநல டாக்டருங்க பரிசோதிச்சு ரிப்போர்ட் கொடுக்கணும், மத்தவங்க உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னு கோர்ட்டுக்குப் படணும், அப்ப காலக்கெடு இல்லாம உள்ள அனுப்பி, ஒரு வருஷக்கணக்கு குறிச்சு, அது முடிஞ்சதும் மறுபடி கோர்ட் முன்னாடி கொண்டு வரச் சொல்வாங்க.

பரோலுக்கு வர்றேன். ஆயுள் தண்டனைன்னா, 2004 அக்டோபர் 1-க்கு அப்புறம் செஞ்ச குற்றத்துக்கு 25 வருஷம் முடியாம பரோலைப் பத்திப் பேச்சே இல்ல. அதுவும் தண்டனை சொன்ன தேதி இல்ல, குற்றம் செஞ்ச தேதிதான் கணக்குன்னு 2019-ல ஃபாஹ்லா கேஸ்ல தீர்ப்பாச்சு. வருஷம் குறிச்ச தண்டனைக்கு, 276பி செக்ஷன்படி இத்தனை வருஷம் வரைக்கும் பரோல் கிடையாதுன்னு கோர்ட்டே கட்டிப் போடலாம், தண்டனையோட மூணுல ரெண்டு பங்கு, இல்ல 25 வருஷம், எது குறைவோ அது வரைக்கும். ஆனா அதைக் காரணம் இல்லாம போட மாட்டாங்க, விசேஷ சூழ்நிலை இருக்கணும், ரெண்டு பக்கமும் பேச இடம் கொடுக்கணும். வேணும்னா ப்ராசிக்யூட்டர் கேக்கணும், நீங்க அவரைக் கேக்க வைக்கணும்.

நீண்ட தண்டனையால கொள்ளை குறையுமான்னு கேட்டா, எனக்கு அந்த நம்பிக்கை பெருசா இல்ல. துப்பாக்கி எடுக்கறவன் 15-ஆ 25-ஆன்னு யோசிச்சுட்டா எடுக்கறான், மாட்ட மாட்டோம்னு நினைச்சுத்தான் எடுக்கறான். உங்க கேஸ்லயே ரெண்டாவது ஆள் இன்னும் வெளியதான் இருக்கான். வெஸ்ட்வில் ஜெயில் நிரம்பி வழியுது, உள்ள போனவன் அங்க என்ன கத்துக்கிட்டு வர்றான்ங்கறதும் பயமா இருக்கு. ஆனா இந்த ஒரு ஆள் அத்தனை வருஷம் உங்க சித்தப்பா கடை வாசல்ல வந்து நிக்க மாட்டான், அது சின்ன விஷயம் இல்ல, அதைக் கேக்க அவருக்கு முழு உரிமை இருக்கு.

அடுத்த மாசத்துக்குள்ள செய்ய வேண்டியதைச் சொல்லிடறேன். ப்ராசிக்யூட்டரைப் போய்ப் பாருங்க, எஸ்ஏபி 69 வந்துடுச்சான்னு கேளுங்க, அது வராமலே கேஸ் தள்ளிப் போனதை நான் நிறையப் பார்த்திருக்கேன். ஆஸ்பத்திரி பேப்பர், கடை வரவு செலவு, தையல் போட்ட அன்னைக்கு எடுத்த போட்டோ எல்லாம் ஒரே ஃபைல்ல வைங்க. தண்டனை சொல்ற அன்னைக்கு சித்தப்பா கண்டிப்பா ஹால்ல இருக்கணும், ஏன்னா துப்பாக்கிக் கொள்ளை மாதிரி கேஸ்ல, பாதிக்கப்பட்டவர் அங்க இருந்தா, பரோல் வரும்போது வந்து பேச உங்களுக்கு உரிமை இருக்குன்னு 299ஏ செக்ஷன்படி கோர்ட் அவருக்குச் சொல்லணும். அப்புறம் அவர் வீடு மாறினாலும் ஃபோன் நம்பர் மாறினாலும் பரோல் போர்டுக்கு எழுதிக் கொடுத்துடணும், இல்லைன்னா கூப்பிடற அன்னைக்கு லெட்டர் பழைய அட்ரஸுக்குப் போகும்.

சித்தப்பா தெரிஞ்ச இங்கிலீஷ்ல சமாளிச்சுக்கறேன்னு சொல்வார், விடாதீங்க. தலையில அடி விழுந்த அந்த நிமிஷத்தை அவரால தமிழ்லதான் முழுசாச் சொல்ல முடியும். தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேணும்னு இப்பவே ப்ராசிக்யூட்டர்கிட்ட சொல்லி வைங்க, அன்னைக்குக் காலையில போய்ச் சொன்னா ஆள் கிடைக்காம கேஸ் இன்னொரு தேதிக்குப் போயிடும்.